கைச்சூடு

பழிவாங்க நினைக்கிறவர்களுக்கு ஏதோ ஓர் ஆயுதம் வாய்த்துவிடுகிறது. எனக்கு வாய்த்தது ஒரு கிழட்டு நாயின் மூத்திரப்பை. சிரிக்கிறவர்கள் சிரித்து முடித்துவிட்டு வாருங்கள், நான் காத்திருக்கிறேன். காத்திருப்பது எனக்குப் பழக்கம்தான்.

அந்த நாய் ஒயிட்ஃபீல்டில் பத்தொன்பது மாடிக் குடியிருப்பு ஒன்றில், பதினோராவது மாடியில் இருந்தது. லாப்ரடார். பதினாலு வயது. அதற்கு வைத்திருந்த ஆங்கிலப் பெயர் என் வாயில் ஒருநாளும் சரியாக வந்ததில்லை, அதனால் நான் கிழவன் என்று கூப்பிட்டேன். அவனும் அதற்குத்தான் காதைத் தூக்கினான். முதுகெலும்பில் ஏதோ நசுங்கி, பின்னங்கால் இரண்டும் செத்துப்போயிருந்தன. எழுந்து நிற்க முடியாது. தானாக மூத்திரம் போகவும் முடியாது. நாளுக்கு மூன்று வேளை யாராவது அவன் அடிவயிற்றில் கை வைத்து, பையைத் தேடிப் பிடித்து, மெல்ல அழுத்தி வெளியேற்ற வேண்டும். இல்லாவிட்டால் அதுவே உடம்புக்குள் விஷமாகிக் கொன்றுவிடும். அந்த யாராவது நான்தான்.

நான் கோலார் தங்கவயல்காரி. பன்னிரண்டாவது வரை தமிழில் படித்தேன். கல்யாணமாகி பெங்களூர் வந்த பிறகு ஒரு மருத்துவமனையில் பத்து வருடம் ஆயா வேலை. படுத்த படுக்கையாகக் கிடக்கிறவர்களைப் புரட்டிப் போடுவது, முதுகுப் புண்ணைத் துடைப்பது, முகம் சுளிக்காமல் துணி மாற்றுவது எல்லாம் அங்கே பழகியது. மனிதர்களைப் பார்த்தவளுக்கு நாய் ஒரு பொருட்டில்லை. தன் பிள்ளைகள் ஏன் பார்க்க வரவில்லை என்று நாய் என்னைத் திட்டாது.

அவனை வளர்த்தவள் என்னைவிடப் பத்து வயது சின்னவள். சென்னையில் பிறந்தவள், தனி ஆள், கம்ப்யூட்டர் வேலை. வீட்டிலிருந்தே வேலை செய்வாள், நாள் முழுக்க மீட்டிங். நான் அவளை மேடம் என்பேன், அவள் என்னை அக்கா என்பாள். நாய் மேல் உயிரையே வைத்திருந்தாள். ஆனால் அந்த உயிர் நாயின் இடுப்புக்கு மேலே மட்டும்தான். நெற்றியில் முத்தம் கொடுப்பாள், குழந்தை மாதிரி கொஞ்சுவாள், காதைத் தடவி அழுவாள். நான் கையுறை போட ஆரம்பித்ததும் எழுந்துபோய்க் கதவைச் சாத்திக்கொள்வாள். குமட்டுகிறதாம்.

அந்தக் கட்டடத்தில் இரண்டு லிஃப்ட். ஒன்றில் கண்ணாடி, சின்ன விளக்கு, வாசனை. இன்னொன்று சர்வீஸ் லிஃப்ட். அதில் யார் யார் போகலாம் என்று உள்ளே ஒரு தகரப் பலகையே மாட்டியிருந்தார்கள்: வேலைக்காரர்கள், குப்பைத் தொட்டிகள், தண்ணீர் கேன்கள், நாய்கள். கிழவனை டாக்டரிடம் கூட்டிப்போகும் நாட்களில் நானும் அவனும் அந்தத் தகரத்தடியில் இறங்குவோம். அவள் கண்ணாடி லிஃப்டில் இறங்கி, கீழே எங்களுக்காகக் காத்திருப்பாள்.

இனி பெட்ஷீட் விஷயம். கிழவன் படுக்கிற விரிப்பு தினமும் நனையும். அதை அவள் வாஷிங் மெஷினில் போடக் கூடாது. “அதுல என் ட்ரெஸ் போடறேன் இல்ல அக்கா” என்றாள். சரி என்று நான் தினமும் நனைந்த விரிப்பைப் பையில் சுருட்டி வீட்டுக்குக் கொண்டுபோய், துவைத்து, காயவைத்து, மறுநாள் எடுத்துவருவேன். ஆனால் அந்தக் குடியிருப்பில் வேலைக்காரர்கள் எதை வெளியே எடுத்துப்போனாலும் வீட்டுக்காரர் போனில் கேட் செயலி வழியாக ஒரு சீட்டுப் போட்டுத் தரவேண்டும். கேட்டில் பையைத் திறந்து பார்ப்பார்கள். அவளிடம் சீட்டுக் கேட்டேன். “டெய்லி அதெல்லாம் போட்டுட்டு இருக்க முடியாதுக்கா, நான் மீட்டிங்ல இருப்பேன். வாட்ச்மேன் தெரிஞ்சவர்தானே?” என்றாள். தெரிந்தவர்தான். நான் பையைத் திறப்பதற்குள் மூக்கைப் பொத்திக்கொண்டு, போ போ என்று கையை ஆட்டுவார். மூன்று மாதம் இப்படி ஓடியது.

ஒருநாள் மத்தியானம் கேட்டில் புதிதாக ஒரு சூப்பர்வைசர் நின்றான். பையைத் திறந்தான். நீலப் பூப்போட்ட விரிப்பு, நல்ல கம்பெனித் துணி.

“ஏனம்மா இது? ஸ்லிப் எல்லி?”

சீட்டு இல்லை என்றேன். நாய்த் துணி, துவைக்கக் கொண்டுபோகிறேன், மேடத்துக்குத் தெரியும் என்று எனக்குத் தெரிந்த கன்னடத்தில் சொன்னேன். அவன் இன்டர்காமை எடுத்து, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி ஒலிபெருக்கியைத் தட்டிவிட்டு, பதினோராவது மாடிக்குப் போட்டான். உங்கள் வேலைக்காரம்மா ஒரு பெட்ஷீட் எடுத்துப் போகிறார், நீங்கள் கொடுத்தீர்களா என்று கேட்டான். அவளுக்குப் பின்னால் மீட்டிங் ஆட்கள் பேசும் சத்தம் எனக்கே கேட்டது.

“இல்லையே, நானு ஏனூ கொட்டில்ல,” என்றாள் அவசரமாக. நான் எதுவும் கொடுக்கவில்லை. அவ்வளவுதான். டக்கென்று வைத்துவிட்டாள்.

திரும்பப் போட்டார்கள், எடுக்கவில்லை. விரிப்பை மேசை மேல் விரித்தார்கள். அதிலிருந்த மஞ்சள் கறையும் நாற்றமும் எனக்குச் சாட்சி சொல்லும் என்று நினைத்தேன். டெலிவரி கொடுக்க வந்த இரண்டு பேர் வேடிக்கை பார்த்தார்கள். ஒருத்தன் சிரித்தான். பதிவேட்டில் என் பெயர், எடுத்த பொருள், அனுமதி இல்லை என்று எழுதி என்னிடம் கையெழுத்து வாங்கினார்கள். போட்டோ எடுத்து அந்தக் கேட் செயலியில் என் பெயருக்கு எதிரே சிவப்பு அடையாளம் போட்டார்கள். வீட்டுக்குப் போய்ச் சேர்வதற்குள், அதே கட்டடத்தில் நான் சமையலுக்குப் போகும் இரண்டு வீட்டிலிருந்தும் செய்தி வந்துவிட்டது. நாளையிலிருந்து வேண்டாம் அக்கா. ஒரு வீட்டில் கும்பிடு போடும் படம் வேறு சேர்த்திருந்தார்கள்.

என் அப்பா சுரங்கத்தில் இருபத்தெட்டு வருடம் இறங்கி ஏறியவர். ஷிஃப்ட் முடிந்து மேலே வந்ததும் ஒவ்வொரு நாளும் சோதனை. சாப்பாட்டு டப்பாவைத் திறக்கணும், வாயைத் திறக்கணும், தலைமுடியை உதறணும், இரண்டு கையையும் விரித்துக் காட்டணும். தங்கத்துக்கு நடுவே இருபத்தெட்டு வருடம் இருந்தவர், ஒருநாளும் பிடிபட்டதில்லை. அவர் மகள் நான் நாய் மூத்திரத்தோடு பிடிபட்டேன்.

அவள் கூப்பிடுவாள் என்று அன்று சாயங்காலம் வரை நினைத்தேன். மீட்டிங் முடிந்திருக்கும், புரிந்திருக்கும், கேட்டுக்கு ஒரு போன் போட்டு நான்தான் கொடுத்தேன் என்று சொல்லிவிடுவாள் என்று. ஒரே ஒரு வார்த்தை. மறுநாளும் கூப்பிடவில்லை. அதற்கடுத்த நாளும் இல்லை. நான்காவது நாள் எனக்குள் ஏதோ கெட்டியாகிவிட்டது. அவளாக அந்த மேசைக்கு முன்னால் வந்து நின்று அந்த வார்த்தையைச் சொல்ல வேண்டும். கேட்டு வாங்க மாட்டேன். சொல்கிற நிலைமைக்கு அவளைக் கொண்டுவருவேன். இப்படி முடிவு செய்த பிறகுதான் எனக்குச் சோறே இறங்கியது.

என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் ஒயிட்ஃபீல்டைத் தாண்டி ஒரு குதிரைச் சவாரிப் பள்ளியில் குதிரைகளைப் பார்த்துக்கொள்கிறவர். அவருக்கு இடது முட்டி சரியாக மடங்காது. நான்கு வருடத்துக்கு முன்னால் ஒரு குதிரை உதைத்தது. அந்தக் குதிரைக்கு அப்போதே ஒரு கண் தெரியாது, இப்போது வயதாகிப் பல் தேய்ந்துபோய்ப் புல்லை மெல்ல முடியாது. அதற்குத் தவிட்டை வெந்நீரில் ஊறவைத்து, கட்டியில்லாமல் பிசைந்து வாயருகே பிடிக்கிறவர் இவர்தான். உதைத்த காலையே மடியில் தூக்கி வைத்துக் குளம்பு சுத்தம் பண்ணுவார். இப்படி ஒரு ஆளிடம் போய் பழிவாங்குவதைப் பற்றி யோசனை கேட்டது என் தப்புதான்.

“அது கோவத்துல உதைக்கலடி. கண்ணு தெரியாத பக்கத்துலர்ந்து நான் போனேன், பயந்து உதைச்சிச்சு,” என்றார்.

“அவ பயந்து சொல்லல. சோம்பேறித்தனத்துல சொன்னா,” என்றேன்.

“ரெண்டும் ஒண்ணுதான்னு வெச்சுக்கோயேன்.”

“நீ வெச்சுக்கோ.”

பதினோராவது நாள் அவள் போன் வந்தது. எடுத்ததும் அழுகைதான் முதலில் கேட்டது. கிழவன் மூன்று நாளாகச் சாப்பிடவில்லை. ஏஜென்சியிலிருந்து வந்த இரண்டு பேரில் ஒருத்தனைக் கடித்துவிட்டான், இன்னொருத்தன் மறுநாள் வரவில்லை. டாக்டர் வந்து குழாய் வைத்து எடுத்துவிட்டு, இதைத் தினமும் செய்ய ஆளில்லாவிட்டால் ஊசி போட்டு அனுப்பிவிடுவதுதான் நல்லது என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். “ப்ளீஸ் அக்கா, நீங்க வாங்க. அவனுக்கு நீங்கதான் வேணும்,” என்றாள்.

அந்த நிமிஷம் எனக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்தது என்று மறைக்க விரும்பவில்லை. பாலைப் பொங்கவிட்டுவிட்டு நின்று கேட்டேன். பெட்ஷீட்டைப் பற்றி ஒரு வார்த்தை வருகிறதா என்று பார்த்தேன். வரவில்லை.

“வரேன் மேடம். ஆனா நான் கை வைக்க மாட்டேன். பக்கத்துல நின்னு சொல்வேன். செய்றது நீங்க.”

“நானா?”

“நீங்கதான். காலைல, மத்தியானம், சாயங்காலம். முடியாதுன்னா டாக்டரைக் கூப்பிட்டு ஊசி போட்டுடுங்க.”

பிறகு, “வாங்க,” என்றாள்.

செயலியில் எனக்குச் சிவப்பு அடையாளம் இருந்ததால் கேட் விடாது. விருந்தாளி என்று பதிந்து அவளே வேளைக்கு வேளை கீழே வந்து கூட்டிப்போனாள். அந்த மேசைக்கு முன்னாலேயே ஒவ்வொரு முறையும் நின்றாள். சூப்பர்வைசரைப் பார்த்தாள். ஒன்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. நான் சர்வீஸ் லிஃப்டில் ஏறினேன், அவள் கண்ணாடி லிஃப்டில்.

கிழவன் என்னைப் பார்த்ததும் முன்னங்கால் இரண்டையும் ஊன்றி, உடம்பை இழுத்துக்கொண்டு வந்தான். வால் ஆடாது, பாவம், தலையே வாலாக ஆடியது. நான் இரண்டு கையையும் முந்தானைக்குள் விட்டுக்கொண்டேன். என் காலை நக்கினான், நக்கட்டும் என்று விட்டேன். கை வைக்க மாட்டேன் என்றால் வைக்க மாட்டேன்.

“ஒருக்களிச்சுப் படுக்க வைங்க. தொடைக்கு முன்னால ரெண்டு பக்கமும் கை குடுங்க. உள்ள ஒரு உருண்டை தெரியுதா? எலுமிச்சம்பழம் சைஸ் இருந்தா காலி. சாத்துக்குடி சைஸ் இருந்தா ரொம்பி இருக்கு.”

“தெரியலக்கா.”

“தேடுங்க.”

தேடினாள். முதல் நாள் முக்கால் மணி நேரம். கிழவன் வயிற்றை இறுக்கிக்கொண்டு முனகினான். அவளுக்கு இரண்டு தடவை குமட்டி ஓடிப்போய்விட்டு வந்தாள். கடைசியில் மூத்திரம் வந்தபோது அவள் சட்டை, பேன்ட், கை எல்லாம் நனைந்தது. நான் சுவரில் சாய்ந்து நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் போனில் மீட்டிங் அழைப்பு அடித்து அடித்து ஓய்ந்தது. என் வாழ்க்கையில் நான் பார்த்த நல்ல காட்சிகளில் அது ஒன்று.

நான் விடவில்லை. புண்ணைத் துடைக்கச் சொன்னேன், சீழைக் கண்ணால் பார்த்து நிறம் சொல்லச் சொன்னேன். சாதத்தோடு பூசணியும் கோழியும் குழைய வேகவைத்து ஊட்டச் சொன்னேன், தாடையைத் தாங்கிப் பிடிக்காவிட்டால் புரையேறும் என்று அதட்டினேன். விரிப்பை மாற்றச் சொல்லிவிட்டு, “மெஷின்ல போடாதீங்க, உங்க ட்ரெஸ் போடறது இல்ல?” என்றேன். அவள் குளியலறையில் குந்தி உட்கார்ந்து கையால் துவைத்தாள். ஆறாவது நாள் டாக்டரிடம் கூட்டிப்போக வேண்டியிருந்தது. கிழவனை ஒரு முனையில் அவளும் மறுமுனையில் காவலாளி ஒருத்தனுமாகப் போர்வையில் தூக்கினார்கள். வேறு வழியில்லாமல் அவள் சர்வீஸ் லிஃப்டில் ஏறினாள். உள்ளே நான்கு குப்பைத் தொட்டிகள். அவள் அந்தத் தகரப் பலகையை மேலிருந்து கீழே வரை படித்தாள். அது தரைத்தளத்தில் நிற்காது, அடித்தளத்துக்குத்தான் போகும் என்றுகூட அவளுக்குத் தெரியவில்லை. நான் சொல்லவில்லை. கதவு திறந்ததும் குப்பை பிரிக்கும் இடத்தின் நடுவில் போய் நின்றாள்.

இதெல்லாம் நியாயமான பழி. இதற்காக நான் யாரிடமும் மன்னிப்புக் கேட்கப் போவதில்லை. ஆனால் ஒன்றை நான் அவளுக்குச் சொல்லாமல் மறைத்தேன்.

கையைச் சூடாக்கிக்கொண்டு தொட வேண்டும். அது டிசம்பர் மாதம், டைல்ஸ் தரை, அவள் அறையில் அதற்கு மேல் ஏசி. அவள் விரல்கள் ஐஸ் கட்டியாக இருக்கும். ஜில்லென்று கை பட்டால் கிழவன் வயிற்றை இறுக்கிக்கொள்வான், இறுக்கினால் மூத்திரம் வராது, வராததால் அவள் இன்னும் அழுத்துவாள், அவனுக்கு வலிக்கும். நான் செய்த காலத்தில் இரண்டு உள்ளங்கையையும் பரபரவென்று தேய்த்து, ஒரு நிமிஷம் சும்மா வயிற்றின் மேல் வைத்திருப்பேன். ஒரு பெருமூச்சு விடுவான், உடம்பு இளகும். அப்புறம் இரண்டு நிமிஷ வேலை. அதை மட்டும் சொல்லவில்லை. அவள் திணறுவது எனக்குப் பிடித்திருந்தது.

ஒவ்வொரு வேளையும் அவன் முனகினான். முனகும்போது அவளைப் பார்க்க மாட்டான், சுவரோரம் நிற்கும் என்னைப் பார்ப்பான். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வேன். ஒன்பது நாள்.

ஒன்பதாவது நாள் சாயங்கால வேளையை முடித்துவிட்டு என் வீட்டுக்காரரோடு குதிரை லாயத்துக்குப் போயிருந்தேன். அவர் குருட்டுக் கண் குதிரைக்கு வாயில் இரும்புக் கடிவாளம் மாட்ட வேண்டியிருந்தது. மருந்து கொடுக்கிறதற்காக. மாட்டுவதற்கு முன்னால் அந்த இரும்பைத் தன் அக்குளில் கொஞ்ச நேரம் வைத்திருந்தார். குளிர்காலத்தில் எப்போதும் செய்வதுதான், நூறு தடவை பார்த்திருக்கிறேன். நான் மேடத்தின் கதையை ஆனந்தமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன், இன்றைக்கு எப்படி விழி பிதுங்கினாள், எவ்வளவு நேரம் ஆனது என்று. அவர் இரும்பை வெளியே எடுத்து உள்ளங்கையில் வைத்துச் சூடு பார்த்துக்கொண்டே கேட்டார்.

“கைய சூடு பண்ணிக்கச் சொன்னியா?”

நான் வாளியை ஓரமாக நகர்த்தி வைத்தேன்.

“உன்னத்தான் கேக்கறேன்.”

“சொல்லல.”

அவர் குதிரை வாயைத் திறந்து கடிவாளத்தை வைத்தார். குதிரை தலையைக்கூட ஆட்டவில்லை. மருந்து ஊற்றி முடிக்கும் வரை என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.

“அவ உன்னத் திருடின்னு ஆக்கினா. சரி. அந்த நாய் உனக்கு இன்னா பண்ணிச்சு?”

எனக்கு ஆத்திரம் வந்தது. வாய்க்கு வந்தபடி பேசினேன். உனக்கு ரோஷமே கிடையாது, உதைத்தவன் காலையே பிடிக்கிறவன் என்று சொன்னேன். அவர் வாளியைக் கழுவப் போய்விட்டார். திரும்பி வரும் வழியில் பஸ்ஸில் அவர் பக்கத்து சீட்டில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார், அந்த மடங்காத காலை. நான் மடியில் கிடந்த என் கைகளையே பார்த்துக்கொண்டு வந்தேன்.

மறுநாள் காலை அவள் தரையில் உட்கார்ந்து கையை நீட்டினபோது, “நில்லுங்க,” என்றேன். “கையத் தேய்ங்க. நல்லா. சூடு வரணும். இப்ப அழுத்தாம சும்மா வயித்து மேல வைங்க.”

வைத்தாள். கிழவன் இறுகினான், அப்புறம் நீளமாக ஒரு மூச்சு விட்டான். அவள் அழுத்தினாள். இரண்டே நிமிஷம். பூராவும் வந்துவிட்டது. அவன் தலையை அவள் முட்டியில் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டான். ஒரு முனகல் இல்லை.

அவள் அந்த இடத்திலேயே உட்கார்ந்து கொஞ்ச நேரம் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தாள். முட்டாள் இல்லை, புரிந்துவிட்டது.

“இது உங்களுக்கு முதல்லயே தெரியுமா அக்கா?”

“தெரியும்.”

“இத்தனை நாள் அவன் கத்தினானே. முதல் நாளே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?”

“நீங்களும் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே மேடம்.”

இந்தப் பதிலை நான் இருபது நாளாக மனசில் சாணை பிடித்து வைத்திருந்தேன். எங்கே எப்போது சொல்வேன் என்று தெரியாமலே வைத்திருந்தேன். சரியாக விழுந்தது. அவள் முகம் சிவந்தது. கழுவப் போனாள். குழாய் ரொம்ப நேரம் ஓடியது.

திரும்பி வந்து, “பயந்துட்டேன்,” என்றாள். “மீட்டிங்ல பெரிய ஆளுங்க இருந்தாங்க. யாரோ எதையோ கேக்கறாங்க, என்னன்னே சரியா கேட்காம இல்லைன்னுட்டேன். அப்புறம் என்ன நடந்ததுன்னு தெரிஞ்சப்ப உங்களுக்குப் போன் பண்ண வெட்கமா இருந்துச்சு.”

“எனக்கில்ல மேடம் போன் பண்ண வேண்டியது. கேட்டுக்கு.”

அவள் தலையாட்டினாள். ஆனால் அன்று கீழே வந்தபோதும் அந்த மேசையில் ஒன்றும் சொல்லவில்லை. ஆள் நிறைய இருந்தார்கள். சூப்பர்வைசர் அவளுக்கு வணக்கம் வைத்தான், அவளும் வைத்தாள். எனக்கு மறுபடியும் பற்றிக்கொண்டு வந்தது.

அதற்குப் பிறகு கிழவன் பன்னிரண்டு நாள் இருந்தான். அந்தப் பன்னிரண்டு நாளும் அவளுக்கு என் உதவி தேவைப்படவில்லை. சாதத்தைக் குழைப்பதும், புரட்டுவதும், புண்ணை உலர்த்துவதும் கை பழகிவிட்டது. குமட்டல் போய்விட்டது. கிழவன் அவள் காலடிச் சத்தத்துக்குத் தலையாட்ட ஆரம்பித்தான். நான் வருவேன், சுவரோரம் நிற்பேன், பார்ப்பேன், போவேன். ஒருநாள் தரையோடு தரையாக என் கால் வரை ஊர்ந்து வந்து, முந்தானைக்குள் மூக்கை விட்டு என் கையைத் தேடினான். கையை இன்னும் மேலே தூக்கிக்கொண்டேன். அவள் இன்னும் அந்த வார்த்தையைச் சொல்லவில்லையே. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு அவளிடமே திரும்பிப் போய்ப் படுத்துக்கொண்டான்.

கடைசி நாள் காலை ஏழு மணிக்கு நான் போனபோது அவள் கேட்டுக்கு வந்து நிற்கவில்லை. அவள் கேட்டுக்குப் போனில் சொன்னதும் என்னை மேலே விட்டார்கள். கதவு திறந்தே கிடந்தது. அவன் தலை அவள் மடியில் இருந்தது. விடிகிற நேரத்தில் போய்விட்டான் என்றாள். அழுது முடித்திருந்தாள்.

நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். முந்தானையிலிருந்து கையை எடுத்தேன். பழக்கத்தில் இரண்டு உள்ளங்கையையும் பரபரவென்று தேய்த்தேன், சூடு வரும் வரை. அப்புறம் அவன் வயிற்றில் வைத்தேன். இறுகவும் இல்லை, இளகவும் இல்லை. என் சூடு அவனுக்கு ஒன்றும் செய்யவில்லை. எவ்வளவு நேரம் அப்படி வைத்திருந்தேன் என்று தெரியவில்லை. அவள் என் கையை எடுத்துவிடவில்லை.

நாய்களை எரிக்கும் இடத்திலிருந்து வண்டி வந்தது. அதே நீலப் பூப்போட்ட விரிப்பின் ஜோடியில் அவனைச் சுற்றினோம். இந்த முறை ஒரு முனையை நான் தூக்கினேன். சர்வீஸ் லிஃப்டில் இறங்கி, அடித்தளத்தைச் சுற்றிக்கொண்டு கேட்டுக்கு வந்தோம். வண்டி வெளியே நின்றது. சூப்பர்வைசர் எழுந்து வந்தான். விரிப்பைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். பழக்கம் விடவில்லை.

“மேடம், இதக்கே ஸ்லிப்?”

அவள் நின்றாள். சுற்றிலும் ஆபீஸ் போகிறவர்கள், பள்ளி வேனுக்குக் காத்திருக்கும் தாய்மார்கள், டெலிவரி ஆட்கள். நான் முன்பு சமையலுக்குப் போன இரண்டு வீட்டுக்காரிகளில் ஒருத்தியும் அங்கே நின்றாள், கும்பிடு படம் அனுப்பினவள்.

“நானே கொட்டித்து,” என்றாள் அவள். நான்தான் கொடுத்தேன். அப்புறம் குரலை உயர்த்தினாள். “அவத்தூ நானே கொட்டித்து.” அன்றைக்கும் நான்தான் கொடுத்தேன். “அன்னைக்கு நான் சொன்னது பொய். அந்த புக்கை எடுங்க.”

பதிவேட்டை எடுத்தார்கள். அவளே பேனாவை வாங்கி, என் பெயர் இருந்த வரியை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை அடித்தாள். பக்கத்தில் தன் கையெழுத்தைப் போட்டாள். செயலியில் சிவப்பு அடையாளத்தை எடுக்கும் வரை அந்த இடத்தை விட்டு நகரவில்லை. கிழவனின் ஒரு முனையைப் பிடித்தபடி நான் எல்லாவற்றையும் பார்த்தேன். பொய் சொல்ல மாட்டேன், இனித்தது. அந்தக் கும்பிடுக்காரி தலையைக் குனிந்துகொண்டது இன்னும் இனித்தது.

வண்டிக் கதவைச் சாத்தினார்கள். அவள் என் கையைப் பிடித்து, “போதுமாக்கா?” என்று கேட்டாள். கிண்டலாகக் கேட்கவில்லை, நிஜமாகவே கேட்டாள்.

போதும் என்றேன். அவள் வண்டியில் ஏறிப் போய்விட்டாள்.

என் பையை எடுக்க உள்ளே திரும்பினேன். இனி நான் வெளியேற வேண்டும். சூப்பர்வைசர் என் பையைப் பார்க்கக்கூட இல்லை, போங்கம்மா என்று வழிவிட்டான். நானாகவே பையைத் திறந்து அவன் மேசை மேல் வைத்தேன். பிறகு அப்பா சுரங்க வாசலில் செய்கிற மாதிரி இரண்டு கையையும் அவன் முன்னால் விரித்துக் காட்டினேன். அவனுக்கு ஒன்றும் புரியவில்லை. வேண்டாம்மா, உங்கள் பெயரைத்தான் அடித்துவிட்டோமே என்றான்.

பெயரை அடித்தார்கள். அந்த ஒன்பது நாள் எந்தப் புத்தகத்திலும் எழுதவில்லை, யார் வந்து கோடு போட்டு அடிக்க முடியும்? அடிக்க முடிந்தவன் கிழவன் ஒருத்தன்தான். அவன் போகும்போதும் என் கையைத்தான் தேடினானோ என்னவோ, அதை நான் அவளிடம் கேட்கவே இல்லை.